"வாப்பா வந்திருந்தார் டீச்சர்"

கொஞ்சம் நீளமான பதிவுதான். லொறி ஓடுகிறவர்களின் வீடுகளில் உள்ளவர்களும், லொறி வைத்திருக்கும் முதலாளிமாரும் கடைசிவரை வாசிக்க வேண்டும். முதலாளிமாருக்குக் கோபம் வரும். வரட்டும்.

சென்ற தவணை முடிவில் வரவுப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே வகுப்பில் நாலு பிள்ளைகள். மாதத்தில் மூன்று நாலு நாள் வருவதில்லை. காய்ச்சலும் இல்லை, கல்யாண வீடும் இல்லை. ஒரு வாரம் செவ்வாய், அடுத்த வாரம் வியாழன், பிறகு பத்து நாளைக்கு ஒழுங்காக வருவார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு ஒரே பதில்தான்: "வாப்பா வந்திருந்தார் டீச்சர்."

ஆசிரியர்கள் செய்வதை நாங்களும் செய்தோம். ஏசினோம். வாப்பா வந்தால் பள்ளிக்கூடம் வரக்கூடாதா என்று கேட்டோம். உம்மாமாரைக் கூப்பிட்டோம். அவர்களில் ஒருவர் சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது. "டீச்சர், அவர் விடிய மூணு மணிக்கு வந்தார். பகல் ஒரு மணிக்குப் போன் வந்திச்சு, போயிட்டார். புள்ள ஸ்கூலுக்கு வந்திருந்தா வாப்பாட மொகத்தக் கண்டிருக்க மாட்டான். வீட்டுல நிண்டும் என்ன, அவர் படுத்துக் கிடந்தார், இவன் பக்கத்துல குந்திக்கிட்டு இருந்தான்."

பள்ளிக்கூடம் விடுவது ஒன்றரைக்கு. போன் வந்தது ஒரு மணிக்கு. அந்த அரை மணித்தியாலத்துக்காக ஒரு பிள்ளை ஒரு நாள் படிப்பை விட்டுக்கொடுக்கிறது, உறங்குகிற வாப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்க. நாலு வீடும் லொறி வீடு.

இதைத்தான் நம் ஊரில் "ட்ரைவர்ட புள்ள படிக்காது" என்று சொல்கிறோம். ஆசிரியர் அறையில் நாங்களும் சொல்லியிருக்கிறோம். அதை இங்கேயே ஒப்புக்கொள்கிறோம்.

திருகோணமலை என்றால் வெளியூர்க்காரனுக்குக் கடலும் கோணேசர் மலையும். நமக்கு அது லொறி. பிரிமா மா ஆலையும் டோக்கியோ சீமெந்தும் வந்து நாற்பது வருடங்களுக்கு மேலாகிறது. வெள்ளைக்காரன் 1930களில் கட்டிய சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. 2003இலிருந்து அங்கே பவுசர் ஓட்டம் வேறு. மகாவலி மணல் வேறு. நாடு முழுக்க பாண் சுடுவதற்கும் வீடு கட்டுவதற்கும் சாமான் இந்தக் குடாவைச் சுற்றித்தான் புறப்படுகிறது. கிண்ணியா, மூதூர், தோப்பூர், தம்பலகாமம், முள்ளிப்பொத்தானை, கந்தளாய் என்று எந்த ஊரை எடுத்தாலும் தெருவுக்குத் தெரு ஒரு சாரதி இருக்கிறார். கொழும்புக்கு 260 கிலோமீற்றர், சுமையோடு ஏழெட்டு மணித்தியாலம். ஹபரணைப் பக்கம் இரவில் யானை நிற்கும், ஓரம்கட்டிப் படுக்கவும் ஏலாது.

ஆனால் தூரம் அல்ல பிரச்சினை. 260 கிலோமீற்றர் ஒரு பெரிய தூரமே இல்லை. இன்று போய், அங்கே படுத்து, நாளை திரும்பலாம். பிறகு ஏன் ஒரு மனிதன் பத்து நாள் வீட்டுக்கு வருவதில்லை? காத்திருப்பதால். ஏற்றும் வாசலில் வரிசை, இறக்கும் வாசலில் வரிசை, வெறும் லொறி திரும்பக்கூடாது என்று வருகிற வழிக்கு ஒரு ஹயர் பிடிக்கும்வரை இன்னொரு காத்திருப்பு. இந்தக் காத்திருப்புக்கு ஒரு சதமும் இல்லை. டிரிப்புக்குத்தான் காசு. சில்லு உருளாவிட்டால் சம்பளம் இல்லை. லொறிக்குக் கீழே தொட்டில் கட்டிப் படுக்கிற அந்த இரண்டு நாளும் முதலாளியின் கணக்கில் வேலையும் இல்லை, லீவும் இல்லை.

கிண்ணியாப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். அது வருமுன் 'பாதை'யில் ஏறித்தான் கரை சேர வேண்டும். இரவானால் பாதை இல்லை, ஆள் அக்கரையிலேயே தங்கிவிட்டார் என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். 2009இல் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர், நாட்டிலேயே நீளமான பாலம் என்று நாமெல்லாம் போய் நின்று பார்த்தோம். இப்போது மட்டக்களப்புக்குப் போகிற லொறி அந்தப் பாலத்தால்தான் போகிறது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஹோன் அடித்துவிட்டுப் போகிறார்களாம். பிள்ளைகளுக்கு அந்த ஹோன் சத்தம் தெரிகிறது. கடல்தான் தடை என்று நினைத்திருந்தோம். கடலைத் தாண்டிய பிறகும் ஆள் வீட்டுக்கு வரவில்லை.

"அவங்கதான் டிரிப் கேட்டு வாறாங்க, நாங்களா வற்புறுத்துறம்?" இது முதலாளிமார் சொல்வது. உண்மைதான், கேட்டுத்தான் வருகிறார்கள். டிரிப்புக்கு மட்டும் காசு கொடுத்தால் வேறென்ன கேட்பான்? வீட்டில் ஒரு நாள் நின்றால் அந்த நாளின் அரிசியை இழக்க வேண்டும் என்று விதியை நீங்கள் போட்டுவிட்டு, அவன் விரும்பி ஓடுகிறான் என்கிறீர்கள். ஐரோப்பாவில் இந்தத் தந்திரத்தை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். தூரத்துக்கும் சுமைக்கும் ஏற்பக் காசு கொடுத்துச் சாரதியை ஆபத்தான ஓட்டத்துக்குத் தூண்டுவதை அங்கே சட்டம் தடுக்கிறது. நாலரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிடம் நிற்க வேண்டும். வாராந்த 45 மணித்தியால ஓய்வை லொறிக்குள் படுத்துக் கழிக்கக் கூடாது. 2020இல் இன்னொன்றும் சேர்த்தார்கள்: நாலு வாரத்துக்குள் ஒரு தடவையாவது சாரதி வீடு திரும்பும்படி ஓட்டத்தை ஒழுங்குசெய்வது கம்பனியின் பொறுப்பு. சாரதியின் பொறுப்பு அல்ல, கம்பனியின் பொறுப்பு. பக்கத்து இந்தியாவில் 1961ஆம் ஆண்டுச் சட்டமே நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணித்தியாலம் என்று விதித்திருந்தது. அங்கே எல்லோரும் அதன்படி நடக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மீறினால் மீறல் என்று சொல்ல ஒரு அளவுகோல் இருக்கிறது. நம் ஊரில் முதலாளியின் போன்தான் அளவுகோல்.

இன்னொன்று சொல்கிறோம், பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் முதலாளிமார் குறிப்பாகக் கேட்க வேண்டும். 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் சோதித்துப் பார்த்தார்கள். தொடர்ந்து 24 மணித்தியாலம் விழித்திருக்கும் மனிதனின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.10 வீதம் மதுசாரம் உள்ளவனின் அளவுக்குத் தடுமாறுகின்றன. நம் நாட்டில் வாகனம் ஓட்டுகிறவனுக்குச் சட்டம் விடும் எல்லை 0.08. ஒரு சொட்டும் குடிக்காத, ஐந்து வேளை தொழுகிற ஒரு மனிதனை நீங்கள் இரவு முழுக்க விழிக்க வைத்து, காலையில் "இன்னும் ஒரு லோட் இருக்கு" என்று அனுப்பினால் வீதியில் அவன் யாராக ஓடுகிறான்? பொலிஸ் ஊதச் சொன்னால் கருவியில் ஒன்றும் காட்டாது. அதனால் உங்களுக்கு நிம்மதி.

லீசிங் கட்ட வேண்டும், டயர் விலை, டீசல் விலை என்பார்கள். பொய்யில்லை. 2022 ஜனவரியில் 121 ரூபாயாக இருந்த ஒட்டோ டீசல் ஜூன் முடிவில் 460. லொறி வைத்திருந்தவர்கள் தவித்ததை நாம் கண்ணால் கண்டோம். அப்போது ஹயர் கட்டணத்தை உயர்த்தினீர்கள், உயர்த்தத்தான் வேண்டும். சாரதியின் டிரிப் காசும் அதே கணக்கில் உயர்ந்ததா? உங்கள் கொப்பியைத் திறந்து பாருங்கள், எங்களுக்குக் காட்ட வேண்டாம். அந்த வருடம் டீசல் வரிசையில் நாள்கணக்காகப் படுத்துக் கிடந்தவர் யார்? லொறி உங்களுடையது, வரிசையில் நின்ற உடம்பு யாருடையது?

ஒரே ஒரு லொறியை லீசிங்கில் எடுத்துத் தானே ஓடுகிற சகோதரர்களை இதில் சேர்க்கவில்லை. அவர்கள் முதலாளி என்ற பெயரில் இருக்கும் தொழிலாளிகள். அவர்களின் கழுத்தில் கிடப்பது வேறு கயிறு. நாம் பேசுவது ஐந்து, பத்து, இருபது லொறி வைத்து, ஒப்பந்தம் எடுத்து, சாரதிமாரை வைத்து ஓட்டுகிறவர்களோடு.

அவர்களிடம் இன்னொரு கேள்வி. உங்கள் சாரதிக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறீர்களா? "டிரிப்புக்கு ஓடுற ஆளுக்கு ஈபீஎஃப் எங்க வாறது" என்று சிரிக்கிறார்கள். 1958ஆம் ஆண்டின் சட்டத்தில் வருகிறது. நிரந்தரம், தற்காலிகம், வேலைக்கணக்குக் கூலி என்ற வேறுபாடு அதில் இல்லை. அவர் பங்கு 8 வீதம், உங்கள் பங்கு 12 வீதம், நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 வீதம். இருபது வருடம் ஓடி முதுகு போன பிறகு பள்ளி வாசலில் வெள்ளிக்கிழமை துண்டு விரிக்கிற ஆளுக்கு நீங்கள் போடுகிற நூறு ரூபாய் ஸதகா அல்ல. கொடுக்காமல் விட்ட கடனில் ஒரு துளி.

மார்க்கத்தில் பிரயாணிக்கு ஜும்ஆ கடமையில்லை, தொழுகையைச் சுருக்கலாம். அல்லாஹ் தந்த சலுகை. ஒரு மனிதனை வருடக்கணக்காக அந்தச் சலுகைக்குள்ளேயே நிறுத்தி வைத்திருப்பது யார்? உமர் (ரழி) அவர்கள், போர் முனையில் நிற்கும் வீரர்களைக்கூடச் சில மாதங்களுக்கு மேல் குடும்பத்தைப் பிரித்து வைக்கக் கூடாது என்று கட்டளையிட்ட செய்தியை எத்தனை மௌலவிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது யுத்தம். இது மா மூட்டை.

நாங்கள் கேட்பது பெரிய விஷயம் அல்ல. வாரத்தில் ஒரு முழு இரவும் ஒரு முழுப் பகலும் சாரதி வீட்டில். அது எந்த நாள் என்று முந்திய வாரமே கராஜில் எழுதி ஒட்டுங்கள். வெள்ளிக்கிழமையாக இருந்தால் நல்லது, எல்லோருக்கும் வெள்ளி ஏலாதென்றால் முறை வைத்து மாற்றுங்கள். அந்த நாளில் போன் அடிக்காதீர்கள். அந்த நாளுக்கும் சம்பளம் உண்டு என்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஓய்வு அல்ல, பட்டினி. ஆகவே மாதத்துக்கு ஒரு அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் டிரிப் காசு, ஒரு இரவுக்கு மேல் காத்திருந்தால் காத்திருப்புக் காசு. அந்தக் காசை ஒப்பந்தம் தருகிறவரிடம் கேட்டு வாங்குங்கள். பத்து முதலாளிமார் தனித்தனியாக விலையைக் குறைத்துக் கேட்பதால்தான் கிடைப்பதில்லை. பத்துப் பேரும் ஒரே விலை சொன்னால் எந்த வாசலும் மூடிவிடாது. சாமான் போயாக வேண்டும்.

"ட்ரைவர்மார் ஏன் வாய் திறக்கவில்லை?" என்று சிலர் கேட்கலாம். திறந்தால் மறுநாள் லொறிச் சாவி வேறு ஆளின் கையில். தொழில் திணைக்களத்துக்குப் போகலாம், போக உரிமை உண்டு. ஆனால் முதலாளி மாமாவாகவோ மச்சானாகவோ இருப்பார், அல்லது தங்கச்சியின் கல்யாணத்துக்குக் காசு தந்தவராக இருப்பார். நம் ஊரில் சட்டத்துக்கு முன்னால் சொந்தம் வந்து நிற்கிறது. அதனால்தான் அவர்கள் பேசாத இடத்தில் நாங்கள் பேசுகிறோம். எங்கள் சம்பளத்தை எந்த லொறி முதலாளியும் தருவதில்லை.

எங்கள் பக்கத்திலும் திருத்த வேண்டியது இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வைத்துவிட்டு "வாப்பாமார் வாறதில்ல" என்று குறை சொன்னோம். அடுத்த தவணைக் கூட்டத்தை வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வைக்கச் சொல்லி அதிபரிடம் கேட்டிருக்கிறோம். வர முடியாத வாப்பாமாருக்குப் போனில் பேசுவோம், லொறி நிற்கும் நேரத்தைச் சொன்னால் போதும், இரவு பத்து மணி என்றாலும் சரி. அந்த நாலு பிள்ளைகளும் வராத நாளின் பாடத்தை மறுநாள் இடைவேளையில் சொல்லிக் கொடுக்கிறோம், ஏசுவதில்லை.

ஜும்ஆவுக்குப் பிறகு முதலாளிமாரைக் கூட்டிப் பேசும்படி பள்ளி நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்தாயிற்று. இன்னும் பதில் இல்லை. இந்த வாரமே நாள் எழுதி ஒட்டத் தயாராக இருக்கும் முதலாளி யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். நாங்கள் சொன்னது பிழை என்று நினைப்பவர்களும் எழுதுங்கள், அழிக்க மாட்டோம்.