பாஸ்வேர்ட் கேட்காத வழி ஒன்று உங்கள் கம்ப்யூட்டரில் உண்டு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கற்றுக் கொள்ளும் நல்ல பழக்கங்களில் ஒன்று, எழுந்து போகும்போது விண்டோஸ் கீயுடன் எல் கீயை அழுத்தித் திரையைப் பூட்டிவிட்டுப் போவது. திரும்பி வந்து பாஸ்வேர்ட் கொடுத்தால்தான் உள்ளே போக முடியும். நல்லது, அப்படியே தொடருங்கள். ஆனால் அந்தப் பாஸ்வேர்டை யாரிடம் கேட்கிறது உங்கள் கம்ப்யூட்டர்? கீ போர்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் மட்டும்தான். உள்ளே மாட்டியிருக்கும் கார்டுகளிடமும், சில வகைப் போர்ட்களில் செருகப்படும் சாதனங்களிடமும் பல ஆண்டுகளாக அது எதுவுமே கேட்டதில்லை. இன்றும் எல்லாக் கம்ப்யூட்டர்களும் கேட்கின்றன என்று சொல்ல முடியாது. இது என்னை உறுத்தும் விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடுபவரை நினைத்துக் கொள்ளுங்கள். அவர் கேனை வாசலில் வைத்துவிட்டுப் போனால், நீங்கள்தான் குனிந்து தூக்கிச் சமையலறை வரை கொண்டு போக வேண்டும். முதுகு வலிக்கும், பார்த்துக் கொண்டிருந்த வேலையும் கெடும். அதனால் என்ன செய்கிறோம்? "உள்ளே கொண்டு போய் வைத்துவிடுங்கள், அண்ணே" என்கிறோம். அவரும் நேரே சமையலறை வரை போய் வைத்துவிட்டு வருகிறார். கம்ப்யூட்டரிலும் இதேதான். ஹார்ட் டிஸ்கிலிருந்து வரும் டேட்டாவை ப்ராசசரே வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மெமரியில் வைப்பது ஒரு வழி. இதற்குப் பிஐஓ என்று பெயர். ப்ராசசரைத் தொந்தரவு செய்யாமல், சாதனமே நேராக மெமரியில் டேட்டாவை எழுதிவிட்டு "முடிந்தது" என்று தகவல் மட்டும் கொடுப்பது இன்னொரு வழி. இதுதான் டைரக்ட் மெமரி அக்சஸ், சுருக்கமாக டிஎம்ஏ.

இது எவ்வளவு தேவையானது என்பது எனக்குப் பள்ளி நாட்களிலேயே தெரிய வந்தது. எங்கள் வீட்டில் விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. ஒரு நாள் திடீரென்று பாட்டு விக்கி விக்கிப் பாட ஆரம்பித்தது. ஒரு பைலை காப்பி செய்தால் மவுஸ் கூட நகராது. வைரஸ் என்று நினைத்து பார்மட் செய்யத் தயாரானபோது, பக்கத்து வீட்டு அண்ணன் வந்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தார். ஹார்ட் டிஸ்க் டிஎம்ஏ-விலிருந்து பிஐஓ-வுக்கு இறங்கியிருந்தது. டேட்டா போக்குவரத்தில் ஆறு தடவைக்கு மேல் பிழை நேர்ந்தால் எக்ஸ்பி தானாகவே வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக் கொண்டே போய்க் கடைசியில் பிஐஓ-வில் நிறுத்திவிடும். பழைய கேபிள்தான் காரணம். விநாடிக்கு 100 மெகாபைட் வரை தாங்க வேண்டிய வழி, அதிகபட்சம் 16.6 மெகாபைட்டுக்கு வந்து, அதையும் ப்ராசசரே சுமந்து கொண்டிருந்தது. கேபிளை மாற்றி, அந்த ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் செய்தார். எல்லாம் சரியாகிவிட்டது. டிஎம்ஏ இல்லாத கம்ப்யூட்டர் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன். எனவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு டிஎம்ஏ-வே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள்.

1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசியிலேயே இதற்கென்று இன்டெல் 8237 என்ற தனிச் சிப் இருந்தது. நான்கு சேனல்கள். ஃப்ளாப்பி டிரைவ் அதில் ஒன்றைப் பயன்படுத்தியது. 1984-ல் வந்த ஏடி மாடலில் டிஎம்ஏ எட்டிப் பிடிக்கக் கூடிய மெமரி முதல் 16 மெகாபைட் மட்டும். (இந்தப் பழைய எல்லையின் நினைவாக, லினக்ஸ் கெர்னல் மெமரியின் முதல் 16 மெகாபைட்டைத் தனி மண்டலமாகவே பிரித்து வைத்தது. பழைய வீட்டை இடித்துக் கட்டினாலும் கிணற்றை மூடாமல் விடுவது போல.) பிறகு வந்த பிசிஐ கார்டுகளுக்கு நடுவில் ஒரு சிப் கூடத் தேவைப்படவில்லை. கார்டே தானாக மெமரியில் படிக்கலாம், எழுதலாம்.

இங்கே கெர்னலின் வேலை என்ன? கெர்னல் என்பது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் உள்ளே இருக்கும் மையப் பகுதி. எந்த மெமரி யாருக்கு என்று தீர்மானிப்பது அதுதான். உங்கள் பிரவுசர், கேம் புரோகிராமின் மெமரியைத் தொட முயன்றால் கெர்னல் அனுமதிக்காது. ப்ராசசருக்குள் இதற்கென்றே ஒரு காவல் ஏற்பாடு உண்டு. ஆனால் அந்தக் காவல் ப்ராசசர் வழியாக வருபவர்களுக்கு மட்டும். ஒரு கார்டு டேட்டா அனுப்ப வேண்டும் என்றால், அதன் டிரைவர் கெர்னலிடம் கொஞ்சம் இடம் கேட்கும். கெர்னல் ஓர் இடத்தை ஒதுக்கி, அதன் முகவரியைத் தரும். டிரைவர் அதைக் கார்டிடம் சொல்லும். அவ்வளவுதான். கார்டு அந்த முகவரியில்தான் எழுதுமா, வேறு எங்காவது போகுமா என்று பார்க்க ஆளே கிடையாது. தண்ணீர் கேன் போடுபவர் சமையலறையோடு திரும்புகிறாரா, பீரோ இருக்கும் அறைக்குள் எட்டிப் பார்க்கிறாரா என்று கவனிக்க வீட்டில் யாரும் இல்லாத நிலை.

கேபினட்டுக்குள் ஸ்க்ரூ போட்டு மாட்டிய கார்டுகள் மட்டும் இருந்த வரையில் இது பெரிய பிரச்னையாகத் தெரியவில்லை. வெளியிலிருந்து செருகும் ஃபயர்வயர் போர்ட் வந்ததும் கதை மாறியது. 2004-ல் மேக்ஸிமிலியன் டார்ன்சைஃப் என்பவர், ஃபயர்வயர் வழியாக ஓர் ஐபாடைச் செருகியே கம்ப்யூட்டரின் மெமரியைப் படிக்க முடியும் என்று காட்டினார். 2006-ல் ஆடம் பாய்லோ இன்னும் ஒரு படி மேலே போய், பூட்டப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். அவருடைய லேப்டாப் தன்னை ஓர் ஐபாட் என்று சொல்லிக் கொள்ளும். விண்டோஸ் நம்பிக் கதவைத் திறக்கும். பின்னர் மெமரியில் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பகுதியைத் தேடிப் பிடித்து, எதைக் கொடுத்தாலும் "சரி" என்று சொல்லும்படி மாற்றிவிடும். இதில் எந்த புரோகிராமிலும் பிழை இல்லை என்பதைக் கவனியுங்கள். ஃபயர்வயர் எப்படி வடிவமைக்கப்பட்டதோ அப்படியே வேலை செய்தது.

இதற்கு மருந்து ஐஓஎம்எம்யு என்ற ஏற்பாடு. இன்டெல் இதை விடி-டி என்றும், ஏஎம்டி ஏஎம்டி-விஐ என்றும் அழைக்கின்றன. சாதனங்களுக்கும் மெமரிக்கும் நடுவில் நிற்கும் காவலர் இது. ஒவ்வொரு சாதனமும் எந்தெந்த இடத்தைத் தொடலாம் என்ற பட்டியலைக் கெர்னல் இதனிடம் கொடுத்து வைக்கும். வேலை முடிந்ததும் அந்த அனுமதியைத் திரும்பப் பெறும். பட்டியலில் இல்லாத இடத்தைக் கேட்டால் கிடைக்காது.

இந்த ஏற்பாட்டின் பெயரே அதற்கு எதிரி என்பது என் எண்ணம். ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை இயக்கும் விர்ச்சுவல் மெஷின்களை மனதில் வைத்தே முதலில் இது பேசப்பட்டது. அதனால் விடி-டி என்ற பெயரிலும் "விர்ச்சுவலைசேஷன்" ஒட்டிக் கொண்டது. பயாஸ் செட்டப்பில் அந்த வரியைப் பார்க்கும் நண்பர்கள், "நீதான் விர்ச்சுவல் மெஷின் எதுவும் வைத்துக் கொள்ளவில்லையே, ஆஃப் செய்துவிடு, கேம் வேகமாக ஓடும்" என்று யோசனை சொல்கிறார்கள். என் உறவினர் ஒருவர் வாங்கிய புதுக் கம்ப்யூட்டரில், அசெம்பிள் செய்து கொடுத்தவரே அதை ஆஃப் செய்து அனுப்பியிருந்தார். கேட்டபோது, "எல்லோருக்கும் இப்படித்தான் சார் செய்து கொடுக்கிறோம்" என்றார். வீட்டுக் காவலரை வேலையை விட்டு அனுப்பிவிட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் என் உறவினர் சண்டைக்குப் போயிருப்பார். விடி-டி என்றதால் தலையாட்டினார்.

வேகம் குறையுமா என்றால், கொஞ்சம் வேலை கூடும் என்பது உண்மை. அனுமதியைத் திரும்பப் பெறுவதை உடனுக்குடன் செய்தால் நேரம் பிடிக்கும். அதனால் லினக்ஸ் போன்றவை சேர்த்து வைத்துச் சற்றுத் தாமதமாகச் செய்யும் வழியையும் வைத்திருக்கின்றன. வெளியிலிருந்து செருகப்படும் சாதனம் என்றால் மட்டும் உடனுக்குடன். இது நியாயமான ஏற்பாடு. வீட்டில் பிரவுசரும், கணக்கு ஷீட்டும், பிள்ளைகளின் கேமும் ஓடும் கம்ப்யூட்டரில் இந்த வித்தியாசத்தை நீங்கள் உணரப் போவதில்லை.

இதில் திருடர்களைப் பற்றிய பயம் மட்டும் இல்லை. டிரைவர் எழுதுவது என் அலுவலக வேலையின் ஒரு பகுதி. ஒரு சமயம் சோதனைக்கு வந்த கார்டு ஒன்றை மாட்டியதிலிருந்து கம்ப்யூட்டர் எந்தக் காரணமும் இல்லாமல் நின்று நின்று போனது. ஒரு நாள் பைல் சிஸ்டம் பிழை, மறுநாள் பிரவுசர், அதற்கடுத்து வேறு ஏதோ. இரண்டு நாட்கள் என் புரோகிராமையே குற்றவாளியாக்கித் தேடினேன். பிறகுதான் அந்த மெஷினில் விடி-டி ஆஃப் என்று கவனித்தேன். ஆன் செய்து இயக்கிய சில நிமிடங்களில் லினக்ஸின் பதிவில் டிஎம்ஏஆர் பிழை என்று ஒரு வரி வந்தது. எந்தக் கார்டு, எந்த முகவரி என்று அதிலேயே இருந்தது. கார்டின் ஃபர்ம்வேர் தனக்குக் கொடுத்த இடத்தைத் தாண்டி எழுதிக் கொண்டிருந்தது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வெறும் கணக்குப் பிழை. இதே கார்டு உங்கள் வீட்டில் இருந்து, எழுதி முடிக்காத பிராஜெக்ட் ரிப்போர்ட்டின் மேல் அது எழுதியிருந்தால், நீங்கள் விண்டோஸைத் திட்டிவிட்டு பார்மட் செய்திருப்பீர்கள்.

காவலர் இருந்தாலே போதுமா என்றால், அதுவும் இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த தியோ மார்க்கெட்டோஸ் குழுவினர் 2019 பிப்ரவரியில் தண்டர்கிளாப் என்ற ஆய்வை வெளியிட்டனர். தண்டர்போல்ட் போர்ட்டில் செருகும் பொய்யான நெட்வொர்க் கார்டு ஒன்றை உருவாக்கி, ஐஓஎம்எம்யு இயங்கும்போதே உள்ளே புகுந்து காட்டினார்கள். காவலர் மெமரியை 4096 பைட் கொண்ட பக்கங்களாகத்தான் பார்க்கிறார். நெட்வொர்க் பாக்கெட் ஒன்றோ சுமார் 1500 பைட். பக்கத்தின் மீதி இடத்தில் வேறு யாருடைய டேட்டாவாவது இருந்தால், அதுவும் கார்டின் கண்ணில் படும். இதற்குப் பின் லினக்ஸ், நம்ப முடியாத சாதனங்களுக்கு என்று தனிப் பக்கங்களை வைத்து, அங்கிருந்து டேட்டாவைக் காப்பி செய்து கொள்ளும் முறையை 2019-லேயே கொண்டு வந்தது. நன்றாக எழுதப்படாத கெர்னலிடம் நல்ல காவலரைக் கொடுத்தும் பயன் குறைவு என்பது இதில் தெரிந்தது.

"கம்ப்யூட்டரையே ஒருவன் கையில் எடுத்துவிட்டால் எதைத்தான் காப்பாற்ற முடியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. பாதி சரிதான். 2020 மே மாதம் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தின் பியோர்ன் ரூட்டன்பெர்க், லேப்டாப்பின் பின்பக்கத்தை ஸ்க்ரூ டிரைவரால் திறந்து, சில நிமிடங்களில் தண்டர்போல்ட் பாதுகாப்பைக் கடந்து காட்டினார். ஆனால் நம் லேப்டாப் எத்தனை கைகளுக்குப் போகிறது என்று யோசியுங்கள். சர்வீஸ் கடை, ஹாஸ்டல் அறை, யாரோ கொடுக்கும் டாக்கிங் ஸ்டேஷன். எல்லாப் பூட்டும் உடைக்கக் கூடியதுதான் என்பதற்காக நாம் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவதில்லை.

சரி, உங்கள் கம்ப்யூட்டரில் பார்ப்போம். விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 என டைப் செய்து என்டர் தட்டவும். வரும் விண்டோவில் சிஸ்டம் சம்மரி பக்கத்தில் கீழே போனால் "கெர்னல் டிஎம்ஏ புரொடெக்ஷன்" என்ற வரி இருக்கும். எதிரே "ஆன்" என்றிருந்தால் நல்லது. 2018-ல் விண்டோஸ் 10-ன் 1803 பதிப்பில் வந்த இந்த வசதி, ஐஓஎம்எம்யு-வுடன் ஒத்துப் போகாத டிரைவர் கொண்ட வெளிச் சாதனத்தை, நீங்கள் பூட்டைத் திறக்கும் வரை மெமரியைத் தொட விடாது. "ஆஃப்" என்றிருந்தால் பயாஸ் செட்டப்பில் விடி-டி அல்லது ஐஓஎம்எம்யு என்ற வரியைத் தேடி ஆன் செய்து பாருங்கள். அப்படியும் மாறவில்லை என்றால் கம்ப்யூட்டர் தயாரித்தவர் அந்த வசதியைத் தரவில்லை. பழைய மாடல்களில் இது சகஜம். தண்டர்போல்ட் போர்ட் இல்லாத கம்ப்யூட்டர் என்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். பயணத்தில் மட்டும் ஸ்லீப்பில் போடாமல் ஷட் டவுன் செய்துவிடுங்கள். ஸ்லீப்பில் மெமரியில் உள்ளவை, டிஸ்கைப் பூட்டிய என்க்ரிப்ஷன் சாவி உட்பட, அப்படியே இருக்கும்.

பென் டிரைவைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண யுஎஸ்பி சாதனம் தானாக மெமரியைத் தொட முடியாது. அதற்காக நடுவில் உள்ள கண்ட்ரோலர்தான் தொடும். பென் டிரைவில் வைரஸ் வரலாம், அது வேறு கதை. குழப்பம் எங்கே என்றால், தண்டர்போல்ட் 3-லிருந்து அந்தப் போர்ட்டும் யுஎஸ்பி-சி வடிவத்திலேயே வருகிறது. பக்கத்தில் மின்னல் படம் இருக்கிறதா என்று பாருங்கள்.

2025 டிசம்பரில் வந்த செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேம்களில் ஏமாற்றுபவர்கள் டிஎம்ஏ கார்டுகளை மாட்டி எதிராளியின் இடத்தை மெமரியிலிருந்தே படிக்கிறார்கள். இவர்களைப் பிடிக்க முயன்ற ரையட் கேம்ஸ் ஆய்வாளர்கள், நான்கு பெரிய நிறுவனங்களின் சில மதர்போர்டுகளில் பயாஸ் "பாதுகாப்பு ஆன்" என்று சொல்லிக் கொண்டே, பூட் ஆகும் ஆரம்ப நேரத்தில் ஐஓஎம்எம்யு-வைச் சரியாக இயக்காமல் விட்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். கேம் ஏமாற்றுக்காரர்களால் வீட்டு உபயோகிப்பாளர்களுக்குக் கிடைத்த நன்மை என்று இதைத்தான் சொல்ல வேண்டும். நிறுவனங்கள் பயாஸ் அப்டேட் வெளியிட்டன. உங்கள் மதர்போர்டின் பெயர் அதே எம்எஸ்இன்ஃபோ32 பக்கத்திலேயே பேஸ்போர்டு என்ற வரியில் இருக்கும். அதைக் குறித்துக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் புதிய பயாஸ் இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டரைக் கடையில் அசெம்பிள் செய்து வாங்கியிருந்தால் கடைக்காரரிடமே கேளுங்கள். விடி-டி-யை ஏன் ஆஃப் செய்தீர்கள் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.