சிடிஎன் போட்டா மட்டும் போதுமா?

"தளம் ஸ்லோவா இருக்கா? சிடிஎன் போடுங்க." யார் கேட்டாலும் நம்ம மக்கள் சொல்ற பதில் இதான். தப்பில்லை. ஆனா இதோட சேர்த்து ஒரு பழைய அறிவுரையும் இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. அதைத்தான் தூக்கிப் போடணும்கிறேன்.

முதல்ல, வேகம் எங்கேர்ந்து வருது? தூரம் குறையறதுலேர்ந்துதான். கண்ணாடி இழையில ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். சென்னைலேர்ந்து நியூயார்க் கிட்டத்தட்ட 13,500 கி.மீ. போயிட்டு வர 135 மில்லிசெகண்ட். கேபிள் நேர்கோட்டுல போகாது, அதனால நிஜத்துல இன்னும் கூடும். இணைப்பு போட ஒரு நடை, பாதுகாப்புப் பூட்டு போட ஒரு நடை, பக்கத்தைக் கேட்டு வாங்க ஒரு நடை. ஆக, முதல் எழுத்து வர்றதுக்குள்ள 400 மில்லிசெகண்ட் காலி! எவ்வளவு பெரிய சர்வர் வாங்கினாலும் இது குறையாது. படம், எழுத்துரு எல்லாத்துக்கும் வாசகர் பக்கத்துலயே ஒரு பிரதி இருந்தாத்தான் குறையும். 1998ல அகாமாய் ஆரம்பிச்ச காலத்துலேர்ந்து சிடிஎன் பண்ற வேலை இதான்.

இப்ப அந்த அறிவுரை. "ஜேக்வெரியை உங்க சர்வர்ல வைக்காதீங்க, பொது சிடிஎன்லேர்ந்து எடுங்க. வேற தளத்துக்குப் போனப்பவே வாசகரோட பிரவுசர்ல அது இறங்கியிருக்கும்." ஒரு காலத்துல சரி. ஆனா வாசகரை வேவு பார்க்கறதைத் தடுக்க, பிரவுசர்கள் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியா சேமிக்க ஆரம்பிச்சிடுச்சு. குரோம் 2020ல, ஃபயர்பாக்ஸ் 2021ல. உங்க பக்கத்துல இறங்கின ஜேக்வெரி என் பக்கத்துக்கு உதவாது. லாபம் போச்சு. புது முகவரியைத் தேடி, இணைச்சு, பூட்டு போடற செலவு மட்டும் மிச்சம்.

ஆபத்து வேற. பாலிஃபில்.ஐஓ-ங்கிற முகவரி 2024 பிப்ரவரில கை மாறுச்சு. ஜூன்ல பார்த்தா, அதுலேர்ந்து நச்சு நிரல் வருது. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதை நம்பி இருந்துச்சு. அந்தத் தளக்காரங்க ஒரு வரி கூட மாத்தலை, பாவம்!

அதனால என் கட்சி இதான்: எழுத்துரு, ஸ்கிரிப்ட் எல்லாத்தையும் உங்க டொமைன்லயே வைங்க. அந்த டொமைனை மொத்தமா ஒரு சிடிஎன் பின்னாடி வைங்க. கண்ட இடத்துலேர்ந்து கடன் வாங்கறது வேகம் இல்லை மக்களே, வெறும் கடன்தான் :-)

மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல வாங்க, பேசுவோம்.