முதலாளியின் குணம் மட்டுமா?

குடும்ப நிறுவனங்களில் தொழில் மாறினாலும் நிர்வாகம் மாறாது, முதலாளியின் குணமே எல்லாம் என்ற வாதத்தை ஏற்க முடியாது. ராஜபாளையம் பக்கம் போனாலே அது உடைந்துவிடும். அங்கே ஒரே குடும்பம் 1936இல் நூற்பாலை, 1957இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ், 1997இல் ராம்கோ சிஸ்டம்ஸ் என்று நிறுவியது. ஷிப்டும் மேஸ்திரியும் நூற்பாலையை நடத்தலாம். அவற்றைக் கொண்டு மென்பொருள் நிறுவனத்தை நடத்த முடியுமா?

அதே பக்கத்துச் சத்திரப்பட்டியைப் பாருங்கள். விசைத்தறியில் நெய்வது பேண்டேஜ் துணி. சாதாரணத் துணியென்றால் கூலிக் கணக்கு நோட்டு போதும். பேண்டேஜுக்கோ அரசு விதிகள் தரம் வகுத்திருக்கின்றன: உரிமம், பேட்ச் எண், பரிசோதனைப் பதிவேடு எல்லாம் வேண்டும். அந்தப் பதிவேட்டைக் கொண்டுவந்தது எந்த முதலாளியின் குணமும் அல்ல, சரக்குதான். உடைமை குடும்பத்திடம் இருப்பதையே நிர்வாகம் மாறாததற்குச் சான்றாகக் காட்டுவது தவறு.