பந்தலில் கொடுக்கிறது தண்ணியா, சீனித் தண்ணியா?



கொஞ்சம் நீளமான பதிவு. கோபமும் கொஞ்சம் இருக்கும். முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

மார்கழி பிறந்தாச்சு. பிப்ரவரி 1, தைப்பூசம். 48 நாள் விரதக்காரங்க மாலை போட்டாச்சு. நம்ம ஆளுங்களுக்குப் பண்டிகைக் காலம்னா ஒரு நாள் ரெண்டு நாள் கூத்து இல்லை. அக்டோபர்ல தீபாவளி, அதைத் தொடர்ந்து ஒரு மாசம் ஓப்பன் ஹவுஸ். அப்புறம் கார்த்திகை, ஐயப்பன் பூஜை, மார்கழி முழுக்க விடிகாலையில் சர்க்கரைப் பொங்கல், நடுவில் புது வருஷம், அடுத்து தைப்பொங்கல், கடைசியா தைப்பூசம். கூட்டிப் பார்த்தா மூணு மாசத்துக்கு மேல.

இந்த மூணு மாசத்தில் நம்ம ஜனங்க உடம்புக்கு ரெண்டு கொடுமை நடக்குது. ஒண்ணு, அளவில்லாத இனிப்பு. இன்னொண்ணு, விரதம்னு சொல்லி மருந்தை நிறுத்துறது. ரெண்டுக்கும் சாமி பேரைச் சொல்றாங்க. ரெண்டுக்கும் கோயில்களே துணை போகுது. அதைத்தான் கேட்க வந்திருக்கோம்.

நாங்க யாரு? பிறை பக்கம் ஃபேக்டரிகளில் வேலை பார்த்துட்டு, ஷிப்ட் முடிஞ்சதும் கோயிலில் இலை போடுறதும், டிரம் தூக்குறதும், காடி பார்க்கிங் பார்க்கிறதுமா இருக்கிற தொண்டர்கள். டாக்டருங்க இல்லை. ஆனா பல வருஷமா பரிமாறுற கை எங்க கை. யார் தட்டில் என்ன விழுதுன்னு எங்களுக்குத் தெரியும். போன வருஷம் ரெண்டு கரண்டி பாயசம் வாங்கினவர் இந்த வருஷம் கால் விரலை எடுத்துட்டு வீல்சேரில் வர்றதையும் நாங்கதான் பார்க்கிறோம்.

முதல்ல கணக்கு.

நாட்டின் சுகாதாரக் கணக்கெடுப்பு 2019-ல் எடுத்தாங்க. பெரியவங்களில் இனிப்புநீர் உள்ளவங்க 18.3 விழுக்காடு. இந்தியர்களை மட்டும் தனியா பார்த்தா 31.4 விழுக்காடு. எல்லா இனத்திலும் நாமதான் முன்னால. எதெதிலேயோ முன்னால வரணும்னு மேடை போட்டுப் பேசுறோம், வந்தது இதில்தான். அதே கணக்கெடுப்பில் இன்னொரு விஷயமும் இருக்கு. இந்த நோய் இருக்கிறவங்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருக்கிறதே தெரியாது.

அப்படின்னா, அன்னதான வரிசையில் பத்து பெரியவங்க நின்னா, அதில் மூணு பேர் சீனி நோயாளி. அதில் ஒருத்தருக்கு அது தெரியவே தெரியாது. இந்த வரிசைக்குத்தான் நாம பாயசம் ஊத்துறோம்.

இப்போ தண்ணீர்ப் பந்தலுக்கு வருவோம். பினாங்கில் தைப்பூசத்துக்கு எத்தனை பந்தல்னு உங்களுக்கே தெரியும். பாட்டு அலறும், அலங்காரம் ஜொலிக்கும். பேரு தண்ணீர்ப் பந்தல். ஆனா பச்சைத் தண்ணி கேட்டுப் பாருங்க. "தண்ணி இல்லைங்க அங்கிள், சிரப்தான் இருக்கு"ம்பாங்க.

20 லிட்டர் டிரம் ஒண்ணில் 3 கிலோ சீனி கொட்டினா என்ன ஆகும்? 100 மில்லிக்கு 15 கிராம் சீனி. 200 மில்லி கோப்பை ஒண்ணில் 30 கிராம். தேக்கரண்டிக் கணக்கில் ஆறு. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி 50 கிராமுக்குக் கீழ இருக்கணும், 25 கிராமோட நிறுத்தினா இன்னும் நல்லதுன்னு சொல்லுது. ஆக, ஒரே கோப்பையில் அந்த 25 கிராம் தாண்டியாச்சு. ஒரு பக்தர் எத்தனை பந்தலைக் கடந்து போறாரு? ஒவ்வொண்ணிலும் ஒரு கோப்பை கையில் திணிக்கிறாங்களே, அதையும் கூட்டுங்க.

அரசாங்கம் 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டுச்சு. 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல சீனி இருந்தா லிட்டருக்கு 40 காசு. பிறகு அதை ஏத்தியும் விட்டாங்க. அந்த எல்லையைப் போல மூணு மடங்கு சீனியை நாம இலவசமா, புண்ணியம்னு சொல்லி ஊத்துறோம்.

"நாங்க சீனி போடலை, வெல்லம் போட்டுப் பானகம் செய்யறோம்"னு சிலர் வருவாங்க. வெல்லமும் ரத்தத்தில் சீனியை ஏத்தத்தான் செய்யும். நாட்டு மருந்து மாதிரி அதைக் குடிக்க வேண்டாம்.

இதைப் பேச ஆரம்பிச்சா நாலு பதில் ரெடியா வரும். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

"ஒரு நாள்தானே, என்னா ஆயிடும்?" ஒரு நாள் இல்லைங்க. மேல சொன்ன பட்டியலைத் திரும்பப் படிங்க. ஒவ்வொரு விழாவுக்கும் "ஒரு நாள்தானே"ன்னு சொன்னா மூணு மாசம் ஓடிடும்.

"பிரசாதத்தை வேண்டாம்னு சொல்லக் கூடாது." சரி. பிரசாதம்னா எவ்வளவு? உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வாங்கிக் கண்ணில் ஒத்திக்கிட்டு வாயில் போட்டா அது பிரசாதம். அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. தட்டு நிறைய சோறு, அப்பளம், உருளைக்கிழங்குப் பிரட்டல், மேல ரெண்டு கரண்டி பாயசம்னா அது சாப்பாடு. சாப்பாட்டில் போதும்னு சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. பாட்டி ஒருத்தர் கையை விரிச்சு மறைச்சு "போதும்மா"ன்னு சொல்றாங்க, அந்தக் கைக்கு மேலேயே கரண்டியைக் கவிழ்க்கிறது என்ன பக்தி? உண்மையான அவமரியாதையைப் பார்க்கணும்னா அன்னதானம் முடிஞ்சதும் மண்டபத்துக்குப் பின்னால வாங்க. குப்பைத் தோம்பில் பாதிச் சோறும் கேசரியும் கிடக்கும். அதை அள்ளுறது நாங்கதான்.

"உபயக்காரர் மனசு கோணும்." உபயக்காரர் காசு கொடுக்கிறது பக்தர்கள் வயிறு குளிரணும்னு. மூணு கிலோ சீனிக்குப் பதிலா மோரும், வெட்டின பப்பாளியும் கொய்யாவும் வாங்கலாம், அளவோட கொடுத்தா அதுவே நல்ல உபயம்னு நிர்வாகம் பக்குவமா எடுத்துச் சொன்னா எவரும் கோவிச்சுக்க மாட்டாங்க. சொல்றதுக்குத்தான் ஆள் வேணும்.

"சாமி பார்த்துக்குவார்." இதுதான் எங்களுக்கு ரொம்பக் கோபம் வர்ற பதில். இனிப்புநீர் கிட்னியைக் கெடுத்தா வாரத்துக்கு மூணு நாள், தடவைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினில் கிடக்கணும். வேலை போகும். கூட்டிட்டுப் போக மகனோ மகளோ லீவு எடுக்கணும். அந்தக் குடும்பம் கஷ்டப்படும்போது கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுவாங்க. வர்றதுக்கு முன்னால தடுக்கிற புத்தியையும் அதே சாமிதானே கொடுத்திருக்கு? திருமூலர் உடம்பைப் பேணச் சொன்னதை நாம மேடையில் ஏறி அரை மணி நேரம் பேசறோம். இறங்கி வந்து பந்தலில் மறந்துடறோம்.

அடுத்தது விரதம்.

போன தைப்பூசத்தில் எங்க பந்தலுக்கு முன்னால ஒருத்தர் சரிஞ்சு உட்கார்ந்துட்டார். வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, கேட்டா பதில் குழறுது. கூட வந்தவங்க "அருள் வந்திருக்கு"ன்னு திருநீறு பூசினாங்க. எங்க முதலுதவி மேசையில் இருந்த நர்ஸ் தங்கச்சி விரலில் குத்திப் பார்த்துச்சு. 2.9. நாலுக்குக் கீழ போனாலே ஆபத்து. காலையில் மாத்திரையைப் போட்டுட்டு, விரதம்னு ஒண்ணும் சாப்பிடாம வெயிலில் நடந்திருக்கார். மூணு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிஷம் கழிச்சு மறுபடியும் பார்த்து, அப்புறம் சாப்பிட வெச்சோம். எழுந்து உட்கார்ந்தார்.

கவனிங்க. பந்தலில் சீனி கட்டாயமா இருக்க வேண்டிய இடம் அந்த முதலுதவி மேசைதான். அதுவும் மயக்கம் தெளிவா இருக்கிறவருக்கு மட்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊத்தக் கூடாது, உடனே 999 கூப்பிடணும்.

இன்னொரு வகை ஆளுங்க 48 நாளும் மாத்திரையையும் இன்சுலினையும் மொத்தமா நிறுத்திடறாங்க. "விரதத்தில் மருந்து எடுத்தா சுத்தம் கெட்டுடும்"னு யாரோ சொன்னாங்களாம். எந்தக் குருக்கள் சொன்னார்னு கேட்டா பேரு வராது. நோயாளி, கர்ப்பிணி, வயசானவங்களுக்கு விரதத்தில் தளர்வு உண்டுன்னு நம்ம பெரியவங்களே சொல்லிட்டு வந்திருக்காங்க. பால் பழம் விரதமோ, ஒரு வேளை சாப்பாடோ, உங்க உடம்புக்கு எது முடியுமோ அதை டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க.

நம்ம லைனில் வேலை செய்யற மலாய்க்காரங்களைப் பாருங்க. இனிப்புநீர் இருக்கிறவங்க நோன்பு மாசம் வர்றதுக்கு முன்னாலேயே கிளினிக்குக்குப் போய் "நோன்பு இருக்கப் போறேன்"னு சொல்றாங்க. டாக்டர் மருந்தோட நேரத்தையும் அளவையும் மாத்திக் கொடுக்கிறார். சிலரை இருக்க வேண்டாம்னும் சொல்லிடறார். அதே கிளினிக்தான் நமக்கும். ஒரு மாசம் இருக்கிறவங்க கேட்டுட்டு இருக்காங்க, 48 நாள் இருக்கிற நாம ஏன் வாயைத் திறக்கிறதில்லை? விரதத்தில் மருந்தை நிறுத்துறதும் தப்பு, சாப்பிடாம பழைய அளவிலேயே மருந்து எடுக்கிறதும் தப்பு. கேட்டு மாத்துறதுதான் வழி. மாலை போட்டாச்சேன்னு விட்டுடாதீங்க. இந்த வாரமே போய்ச் சொல்லுங்க.

இன்னொண்ணு, கால். செருப்பில்லாம நடக்கிறது நம்ம நேர்த்தி. யாரும் விடச் சொல்லலை. ஆனா பல வருஷமா இனிப்புநீர் உள்ளவங்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைஞ்சிருக்கும். தார் ரோடு சுடுறதும் தெரியாது, உடைச்ச தேங்காய் ஓடு குத்துறதும் தெரியாது. தண்ணீர்மலைக்கு 513 படி ஏறி இறங்கி, வீட்டுக்குப் போய் அசந்து தூங்கிடுவாங்க. ரெண்டு நாள் கழிச்சு வீங்கினாத்தான் பார்ப்பாங்க. அன்னிக்கு ராத்திரியே காலைக் கழுவித் துடைச்சு, அடிப்பாதத்தை வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்க. கொப்புளமோ கீறலோ இருந்தா மறுநாளே கிளினிக். உணர்ச்சி ரொம்பக் குறைஞ்சவங்க பாதம் மூடின காலணி போட்டு நடந்தா முருகன் கோவிச்சுக்க மாட்டார்.

ஆலய நிர்வாகங்களுக்கும் பந்தல் போடுற இளைஞர்களுக்கும் எங்க கோரிக்கை இதுதான்:

1. ஒவ்வொரு பந்தலிலும் முதல் மேசை வெறும் தண்ணி. இனிப்புத் தண்ணி கொடுத்தே ஆகணும்னா கடைசி மேசையில், சீனி பாதி, கோப்பை சின்னது, கேட்டவங்களுக்கு மட்டும். மோர் கொடுத்தா உப்பு கம்மியா.

2. அன்னதானத்தில் முதல்ல காய்கறி, அப்புறம் சோறு அரைக் கரண்டி. இன்னும் வேணும்னா திரும்ப வரட்டும், முகம் கோணாம கொடுப்போம். பாயசம் சின்னக் கோப்பையில், கேட்டா மட்டும்.

3. தே, கோப்பி சீனியில்லாம ஒரு ஃப்ளாஸ்க். அதில் பேர் எழுதி ஒட்டணும்.

4. பால்குடம், காவடிக்குப் பேர் பதியும்போது பேர், நட்சத்திரம், வயசு கேட்கிறோம். கூட ரெண்டே கேள்வி: இனிப்புநீர், ரத்த அழுத்தம், இருதய நோய் இருக்கா? விரதம்னு கிளினிக்கில் சொல்லிட்டீங்களா? ஃபேக்டரியில் ஒரு மெஷினை ஆன் பண்ண முன்னாடி செக்லிஸ்ட் பார்க்காம விட மாட்டாங்க. காவடி தூக்கிட்டு மலை ஏறப் போற மனுசனுக்கு அது கூட வேண்டாமா?

5. முதலுதவி மேசையில் சீனி பார்க்கிற மெஷின், பிரஷர் மெஷின், அதைத் தெரிஞ்ச ஒரு ஆள்.

இதில் பெரிய செலவு எதுவும் இல்லை. எங்க பந்தலில் ரெண்டு வருஷமா தண்ணி மேசையைத்தான் முன்னால வைக்கிறோம். முதல் வருஷம் "என்னாப்பா, கஞ்சப் பந்தலா?"ன்னு கிண்டல் பண்ணினாங்க. போன வருஷம் முதல்ல காலியானது தண்ணிதான். வெயிலில் நடந்து வர்றவங்களுக்கு வேண்டியது அதுதானே.

பக்தர்களுக்கும் ஒரு வார்த்தை. போதும்னா போதும்னு சத்தமா சொல்லுங்க. பரிமாறுறவங்க வற்புறுத்தினா "சாமி கும்பிடத்தான் வந்தேன்"னு சிரிச்சிட்டே சொல்லுங்க. 30 வயசு தாண்டியும் சீனி பார்க்காதவங்க தைப்பூசத்துக்கு முன்னாடி போய் ஒரு தடவை பார்த்துடுங்க. அந்தப் பத்தில் ஒருத்தர் நீங்களா இருக்கலாம்.

இந்தப் பதிவை உங்க ஆலயக் குழுவில் போடுங்க. தலைவருக்கு அனுப்புங்க. அடுத்த கூட்டத்தில் இந்த அஞ்சையும் எழுந்து நின்னு கேளுங்க. பதில் வரலைன்னா அதுக்கு அடுத்த கூட்டத்திலும் கேளுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.