பாலம் வேண்டாம், பன்னிரண்டு பேர் படகு போதும்

சாங்கி படகுத் துறையிலிருந்து புலாவ் உபின் தீவுக்குப் போகும் படகுகளுக்குக் கால அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு புறப்படும். சேராவிட்டால் காத்திருக்க வேண்டும். அவசரமென்றால் குறைகிற ஆட்களுக்கும் சேர்த்துக் கட்டணம் கொடுக்க வேண்டும். ஏறி உட்கார்ந்துவிட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீவு வந்துவிடும். சுமார் 60 லட்சம் பேர் வாழும் சிங்கப்பூரின் வடகிழக்கு ஓரத்தில், பத்துச் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தீவில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் மிகச் சிலரே. வார இறுதிகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் அங்கே நடக்கப் போகிறார்கள். இதை விடுமுறைப் பொழுதுபோக்கு என்ற அளவில் பார்த்துவிட்டுப் பலரும் நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிலத்துக்கு எப்போதும் நெருக்கடி உள்ள ஒரு நகரத்தில் ஒரு தீவு தீவாகவே நீடிக்க வேண்டுமானால், அதைக் காலால் நடந்து அறிந்த குடும்பங்கள் ஏராளமாக இருக்க வேண்டும். அவர்களை வரவேற்க வேண்டும். அவர்களுடைய வசதிக்காகத் தீவை மாற்றிவிடக் கூடாது. இந்த இரண்டையும் ஒருசேரச் செய்ய முடியும் என்பதற்கு உபினே சாட்சி.

2001-இல் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. உபினின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவாவில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டம் தயாராக இருந்தது. ஏறக்குறைய நூறு ஹெக்டேர் பரப்பில் மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் படுகை, பவளச் சிதறல், அலையாத்திக் காடு, கரையோரக் காடு ஆகிய ஆறும் அடுத்தடுத்து அமைந்த இடம் அது. அந்த வளம் அதுவரை பொதுமக்களுக்குத் தெரியாது. வேலை தொடங்கச் சில மாதங்களே இருந்தபோது இயற்கை ஆர்வலர்கள் அந்தக் கரையைப் பற்றி எழுதினார்கள், பேசினார்கள், நீர் வற்றும் நாட்களில் மக்களைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். கையில் பிள்ளையோடு வந்தவர்கள், தாத்தா பாட்டியோடு வந்தவர்கள், அதுவரை கடற்கரை என்றால் மணலும் பொழுதுபோக்கும் மட்டுமே என்று நினைத்திருந்தவர்கள். முள்முள்ளான கடல் நட்சத்திரத்தையும் கம்பளம்போல் விரிந்து கிடக்கும் கடற்சாமந்தியையும் நேரில் பார்த்தபின் அரசுக்கு எழுதினார்கள். ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் அங்குள்ள உயிரினங்களை ஆவணப்படுத்தி ஆதாரத்தோடு வாதாடினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2002 ஜனவரியில், அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் மா பௌ டான் உபின் வளர்ச்சிப் பணிகளுக்குத் தேவைப்படாதவரை அதை ஒத்திவைப்பதாக முறைப்படி அறிவித்தார். அறிவியல் தரவுகள் இல்லாமல் அந்த முடிவு வந்திருக்காது. ஆனால் அந்தத் தரவுகளுக்குக் கனம் சேர்த்தது, சேற்றில் கால் பதித்துத் திரும்பிய சாதாரணக் குடும்பங்களின் அக்கறைதான். கண்ணால் கண்டிராத கரைக்காக யாரும் கடிதம் எழுதுவதில்லை.

அதன்பின் தேசியப் பூங்காக் கழகம் செய்த ஏற்பாடு பாராட்டுக்குரியது. 2007-இல் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் நடைபாலம் ஒன்று திறக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி கடல்மீது போகிறது, இன்னொன்று அலையாத்திக் காட்டுக்குள் போகிறது. நடுவே சுமார் 20 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரம். ஆறு வயதுப் பிள்ளைக்கும் அது எட்டக்கூடிய தூரம். அந்தப் பாலத்தின் கைப்பிடியோரம் நின்று சேற்றைக் குனிந்து பார்க்கும் பிள்ளைக்கு முதலில் வெறும் சேறுதான் தெரியும். நடந்து வந்த காலடி அதிர்வில் நண்டுகளெல்லாம் வளைக்குள் போயிருக்கும். அசையாமல் இரண்டு நிமிடம் நின்றால் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெருத்திருக்கும். அதைத் தூக்கித் தூக்கி ஆட்டிப் பெண்ணை அழைக்கும், போட்டிக்கு வரும் ஆணை விரட்டும். மற்ற சிறு கொடுக்கால் சேற்றைக் கிள்ளி வாயில் வைத்து, உணவை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைச் சின்ன உருண்டையாகக் கீழே போடும். பக்கத்திலேயே, கண்கள் தலையுச்சியில் துருத்திய ஒரு மீன் நீரை விட்டு வெளியே வந்து, துடுப்பை ஊன்றிச் சேற்றின்மேல் தாவும்; ஈரத் தோல் வழியாக அது மூச்சு விடுகிறது. அலையாத்தி மரத்தைச் சுற்றி, பென்சில்களை நட்டு வைத்ததுபோல் மூச்சு வேர்கள் மேல்நோக்கி நிற்கும். இவ்வளவையும் ஒரு பிள்ளை அறிந்துகொள்ளத் தேவைப்பட்டது இரண்டு நிமிட அமைதி மட்டுமே. கூண்டும் கண்ணாடித் தடுப்பும் உள்ள காட்சிக்கூடத்தில் விலங்கு எப்போதும் தயாராக இருக்கிறது. இங்கே நாம் அடங்கினால்தான் அது வருகிறது. அந்த வேறுபாட்டைச் சின்ன வயதில் உணர்ந்தவர் பெரியவரான பிறகும் மறப்பதில்லை என்றே நம்புகிறேன்.

கூட்டம் வந்தால் இடம் கெடும் என்பது முதல் மறுப்பு. நியாயமான அச்சம்தான். செக் ஜாவா எவ்வளவு நொய்மையானது என்பது 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் தெரிந்தது. ஜொகூரில் பெய்த பெருமழை வெள்ளமாகி ஆற்று வழியே வந்து கடலின் உப்பைக் குறைத்தது. கரையோர உயிரினங்கள் கொத்துக் கொத்தாக மடிந்தன. மெல்ல மெல்லத்தான் கரை மீண்டது. இப்படிப்பட்ட இடத்தில் நீர் வற்றும் வேளைகளில் தினமும் ஆயிரம் பேர் இறங்கி நடந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களிடம் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. இறங்கி நடக்கக் கூடாது. அதற்குத்தான் நடைபாலம். கால் பாலத்தின் மேலும் கண் சேற்றிலும் இருக்கும்வரை, வருகிறவர்களால் நேரும் பாதிப்பு கட்டுக்குள் இருக்கும். சைக்கிளைக்கூட வாசலிலேயே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்ற விதி அங்கே உண்டு. காட்டுப்பன்றிக்கும் குரங்குக்கும் தின்பண்டம் போடுவது 2020 முதல் சட்டப்படி குற்றம். முதல்முறை பிடிபட்டால் 5,000 வெள்ளிவரை அபராதம். ஆனாலும் பிஸ்கட் பாக்கெட்டோடு வரும் குடும்பங்கள் இருக்கவே செய்கின்றன. மனிதக் கையிலிருந்து தின்னப் பழகிய குரங்கு பிறகு பிடுங்கப் பழகும், பிடுங்கப் பழகிய குரங்குக்கு முடிவு நல்லதாக இருக்காது. இதைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது பெற்றோரின் வேலை. கூட்டத்துக்கு அஞ்சிக் கதவை மூடிவிட்டால், அடுத்த முறை தூர்ப்புத் திட்டம் வரும்போது அதற்கு எதிராகப் பேச ஆளிருக்காது.

இன்னொரு மறுப்பு படித்தவர்களிடமிருந்து வருகிறது. உபினில் இருப்பது ஆதிக்காடு கிடையாதே, ஒரு காலத்தில் தோண்டியும் வெட்டியும் விட்ட தீவுதானே, அதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்கிறார்கள். உண்மை. தீவு முழுக்கக் கருங்கல் குவாரிகள் இருந்தன. 1850-51-இல் கட்டப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கல் இங்கிருந்துதான் போனது. ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன, கிராமங்கள் இருந்தன, பள்ளிக்கூடமும் இருந்தது. கடைசிக் குவாரி 1999-இல் மூடப்பட்டது. இன்று அந்தப் பள்ளங்களில் நீர் நிறைந்திருக்கிறது. பெக்கான் குவாரியில் நாரைகள் கூடு கட்டுகின்றன. கைவிட்ட ரப்பர் மரங்களைச் சுற்றிக் காடு தானாக எழுந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் சிங்கப்பூரில் காணாமல் போயிருந்த இருவாச்சிப் பறவை 1994-இல் உபினில் மீண்டும் தென்பட்டது. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ள, குஞ்சு வளரும்வரை ஆண் ஒரு சிறு பிளவு வழியாக இரை ஊட்டும் இனம் அது. பெரிய பொந்துள்ள மரம் இல்லாவிட்டால் அதற்குக் குடும்பம் இல்லை. ஆய்வாளர்கள் செயற்கைக் கூடுகள் அமைத்துக் கொடுத்தார்கள். இன்று நகரப் பூங்காக்களிலும் அதன் குரல் கேட்கிறது. அழிந்த இடம் என்று ஒதுக்கப்பட்ட தீவிலிருந்துதான் நகரத்துக்கு ஒரு பறவை திரும்பி வந்தது. ஆதிக்காடு கிடைக்காத நகரப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் வேறு கிடைக்காது: விட்டுக்கொடுத்தால், கொஞ்சம் கைகொடுத்தால், மீளும்.

வசதியைப் பற்றிய கோரிக்கைகளுக்கு நான் எளிதில் இணங்க மாட்டேன். பாலம் கட்டலாம், குளிரூட்டிய பேருந்து விடலாம், உணவகங்கள் கூட்டலாம் என்ற யோசனைகள் எப்போதும் நல்லெண்ணத்தோடுதான் வருகின்றன. குழந்தை வண்டியோடு படகில் ஏறுவது கஷ்டம். வெயிலும் கொசுவும் உண்டு. முதியவர்களுக்குத் துறையிலிருந்து செக் ஜாவாவரை சுமார் மூன்று கிலோமீட்டர் நடப்பது பெரும்பாடு. இவற்றுக்கு ஏற்கெனவே சிறிய விடைகள் உள்ளன. தீவில் வாடகை வேன்கள் ஓடுகின்றன. தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பினால் வெயில் பெரிய எதிரியாக இராது. படகுத்துறையில் ஏறி இறங்கக் கைகொடுக்க ஆள் வேண்டும், நிழலில் உட்கார இன்னும் சில பெஞ்சுகள் வேண்டும், சக்கர நாற்காலியில் வருவோர்க்கு ஏற்பாடு வேண்டும் என்றால் நானும் சேர்ந்து கேட்பேன். பாலம் மட்டும் வேண்டாம். பன்னிரண்டு பேர் சேரும்வரை காத்திருக்கும் அந்தப் படகுதான் தீவுக்கு ஒரு நாளில் எத்தனை பேர் போகலாம் என்பதை யாரும் ஆணையிடாமலே தீர்மானிக்கிறது. பாலம் வந்த மறுநாள் வாகனம் வரும், வாகனம் வந்தால் அதை நிறுத்த இடம் வேண்டும், இடம் வேண்டுமென்றால் மரம் போகும். பிறகு பிள்ளைக்குக் காட்ட நண்டு இருக்காது.

எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி நிலம் பற்றியது. வீட்டு விலை எகிறும் ஊரில் இத்தனை பெரிய தீவைச் சும்மா வைத்திருக்கலாமா? வீடு தேடும் இளம் தம்பதி இதைக் கேட்டால் கோபிக்க முடியாது. ஆனால் உபின் சும்மா கிடக்கவில்லை. அலையாத்திக் காடு கரையை அரிப்பிலிருந்து காக்கிறது. மீன் குஞ்சுகளுக்கு அதுவே வளர்ப்பிடம். கரிமத்தைச் சேற்றுக்குள் தேக்கிவைக்கிறது. கடல் மட்டம் உயர்வதைக் கணக்கில் எடுத்துத் திட்டமிடும் தேசம், இலவசமாகக் கிடைத்திருக்கும் கரைக்காவலை இழந்துவிட்டுப் பிறகு அதே இடத்தில் சுவர் கட்டுவது சிக்கனமாகாது. அரசும் 2014-இல் தொடங்கிய உபின் திட்டத்தின் மூலம் தீவின் கிராமத் தன்மையைக் காப்பதே நோக்கம் என்று சொல்லியிருக்கிறது. எனினும் புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ, லாப்ரடார் ஆகிய நான்கும் பெற்றிருக்கும் சட்டபூர்வ இயற்கைக் காப்பகத் தகுதி செக் ஜாவாவுக்கு இல்லை. 2002-இல் கிடைத்தது ஒத்திவைப்புதான். ஓர் அரசு ஒத்திவைத்ததை இன்னோர் அரசு எடுத்துக்கொள்ள முடியும். செக் ஜாவாவையாவது காப்பகமாக அறிவிக்க வேண்டும் என்று கேட்பதற்கு இதுவே போதிய காரணம்.

இந்தக் கோரிக்கையில் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. அந்தக் கரையோரத்தில் நிற்கும் தாழை, நுணா, பூவரசு எல்லாம் தமிழகக் கரைகளிலும் ஈழத்துக் கரைகளிலும் நிற்பவைதான். பேரப்பிள்ளையோடு போகும் பாட்டிக்கு அந்த மரங்களைப் பற்றிச் சொல்ல, எந்த வழிகாட்டிப் பலகையிலும் இல்லாத செய்திகள் இருக்கும்: நுணாவின் வேரில் சாயம் எடுப்பார்கள், பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதலாம், தாழம்பூவை அந்தக் காலத்தில் சடையில் வைத்துத் தைப்பார்கள். தமிழ் அமைப்புகள் விழா எடுப்பதற்குச் செலவிடும் உழைப்பில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, தமிழில் விளக்கம் சொல்லக்கூடிய தன்னார்வ வழிகாட்டிகளைப் பயிற்றுவித்தால், தொடக்கப்பள்ளித் தமிழ் வகுப்புகள் ஆண்டுக்கொரு காலைப்பொழுதை அங்கே கழிக்கலாம். ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் வற்றும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்றுசேரும்படி கிளம்ப வேண்டும். முப்பது மாணவர்களும் ஆசிரியர்களுமாகப் போனால் மூன்று படகு தேவைப்படும்.