சவரக்கத்தியை செக்-இன் பையில் போட்டுட்டா வேலை முடிஞ்சுதா?

விமானத்தில் சவரக்கத்தி கொண்டு போகலாமான்னு யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வருது: "ஹேண்ட் பேக்ல வைக்காத, செக்-இன்ல போட்டுடு." சரிதான். ஆனா அது பாதி பதில். மீதிக்குத்தான் இந்த த்ரெட். கொஞ்சம் கோபமாத்தான் எழுதுறேன், பொறுத்துக்குங்க.

சில வாரங்களுக்கு முன்னாடி நைட் டியூட்டி. விமானத்தில் லக்கேஜ் ஏற்றும் ஒருத்தர், ஐம்பதை நெருங்கும் வயசு, விரலில் கைக்குட்டையைச் சுத்திக்கிட்டு கேஷுவாலிட்டிக்கு வந்தார். ஒரு பையோட ஜிப் பிய்ஞ்சு துணியெல்லாம் வெளியே கொட்டியிருக்கு. அள்ளி உள்ளே திணிச்சிருக்கார். துணிக்கு நடுவில் மடக்குக் கத்தி, திறந்தபடி. சலூன்ல பாதி பிளேடு மாட்டுவாங்களே, அந்த ரகம்.

நாலு தையல். "டிடி ஊசி போட்டாச்சுல்ல டாக்டர், கிளம்பட்டுமா?"ன்னார். "இருங்கண்ணே"ன்னு உட்கார வச்சேன். அந்த ஊசி ரணஜன்னிக்கு மட்டும்தான். அந்தக் கத்தியில் யார் ரத்தம் இருந்தது? அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கீங்களான்னு கேட்டேன். அப்படி ஒண்ணு இருக்கிறதே அவருக்குத் தெரியல. அவர் மேல் தப்பில்லை. குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் அது நாடு முழுக்க வந்ததே 2011 வாக்கில்தான். அன்னைக்கே முதல் டோஸ். அடுத்தது ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாவது மாதத்தில். நடுவில் ரத்தப் பரிசோதனைகள். ஒவ்வொண்ணுக்கும் அரை நாள் சம்பளம் போகும்.

இதைச் சொன்னா வர்ற பதில்கள் எனக்குத் தெரியும்.

"காய்ஞ்ச ரத்தத்துல என்ன சார் இருக்கும்?" ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். தடுப்பூசி போடாதவருக்கு, அந்த வைரஸ் உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால், 100 பேரில் 6 முதல் 30 பேருக்குத் தொற்றலாம். ஹெச்ஐவிக்கு அது 1000க்கு 3 பேர்தான். சவரக்கத்திக்கு இதே கணக்கு பொருந்தாது, ஆனா வைரஸ் உள்ளே போற வழி ஒண்ணுதான்.

"எனக்கு ஒரு வியாதியும் இல்ல." டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா? கல்லீரல் கெடும்வரை ஒரு அறிகுறியும் இல்லாம வருஷக்கணக்கா இந்தக் கிருமியோட இருப்பவங்களை நாங்க தினமும் பார்க்கிறோம்.

"பையைப் பூட்டித்தானே போட்டேன்." ஜிப்பே பிய்ஞ்ச பிறகு பூட்டு எதுக்குங்க?

"கழுவிட்டுத்தான் வச்சேன்." குழாய்த் தண்ணியில் காட்டினால் பிளேடு உட்காரும் இடுக்கு சுத்தமாகாது.

அமெரிக்காவின் டிஎஸ்ஏ, செக்-இன் பையில் கூர்மையான பொருள் எதுவா இருந்தாலும் உறை போட்டோ நல்லா சுத்தியோ வைக்கணும்னு சொல்லுது. பையைத் தூக்குறவங்களுக்கும் சோதிக்கிறவங்களுக்கும் காயம் படக்கூடாதுன்னு காரணத்தையும் எழுதியிருக்காங்க. நம்ம ஆளுங்க "அலவ்டு"ங்கிற ஒரு வார்த்தையோட படிக்கிறதை நிறுத்திடுறாங்க.

பெரிய வேலை ஒண்ணும் இல்ல. பிளேடு மாத்துற ரகமா இருந்தா பிளேடைக் கழட்டி வீட்டிலேயே விட்டுடுங்க, போற ஊர்லயும் கடை இருக்கு. தாத்தா காலத்து முழுக்கத்தின்னா, துடைச்சு, மடக்கி, தானா திறக்காதபடி ரெண்டு ரப்பர் பேண்ட் போட்டு, பழைய கண்ணாடிக் கூட்டில் வச்சு மூடுங்க. கூட்டின் மேல் "கத்தி"ன்னு ஒரு சீட்டு ஒட்டுங்க. வெறும் துணியில் சுத்துறது போதாது, அந்தத் துணியைத்தான் முதல்ல அள்ளுவாங்க.

ஹேண்ட் பேக் மட்டும் கொண்டு போறவங்க இந்தக் கத்தியை எடுக்கவே எடுக்காதீங்க. கேபினுக்குள் அனுமதி இல்லை. "போன தடவை விட்டாங்களே"ன்னு போய் தாத்தா கத்தியைத் தொலைச்சவங்க இருக்காங்க. பிளாஸ்டிக்கில் பிளேடு பதிச்ச சாதா ரேசர் போதும்.

அப்புறம் ஹோட்டல் அறையில் மாத்தின பிளேடு. குப்பைக்கூடையில் சும்மா போடாதீங்க. காலி தண்ணி பாட்டிலில் போட்டு மூடியை இறுக்கிட்டு வைங்க. அந்தக் கூடையையும் ஒருத்தர் வெறும் கையாலதான் அள்ளுவார்.