விமானமே சொல்லிவிடுமாம்!

"இத்தனை சென்சார், இத்தனை கம்ப்யூட்டர்! கோளாறு இருந்தால் விமானமே சொல்லிவிடாதா?" என்று விவரம் தெரிந்தவர்களே கேட்கிறார்கள். சொல்லும்தான். 2018 அக்டோபர் 28 இரவு வழி நெடுகச் சொன்னது.

அன்று பாலியின் தென்பசாரில், லயன் ஏரின் போயிங் 737 மேக்ஸ் ஒன்றில் இடப்பக்கச் சென்சாரை மாற்றினார்கள். எதிர்க்காற்றை விமானம் என்ன கோணத்தில் சந்திக்கிறது என்று அளப்பது அது. பழுதுபார்க்கப்பட்டு வந்த அந்தச் சென்சாரின் கணக்கு 21 டிகிரி பிசகியிருந்தது. பொருத்திய பின் சோதித்தார்களா என்பதற்கு உருப்படியான பதிவு இல்லை. ஜகார்த்தாவுக்குக் கிளம்பியதுமே, விமானம் விழப்போவதாக எச்சரித்துக் கேப்டனின் கட்டுப்பாட்டுத் தண்டு நடுங்கத் தொடங்கியது, கடைசிவரை ஓயவில்லை. மூக்கு தானாகவே கீழே இறங்கப் பார்க்க, அதை இறக்கிய வால்பக்க மோட்டாரின் சுவிட்சை அணைத்துச் சமாளித்தார்கள்.

இறங்கியதும் கேப்டன், கோளாறுகளைப் பதியும் டெக் லாக்கில் எழுதியது: வேகமும் உயரமும் இருபக்கமும் ஒத்துவரவில்லை, ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. தண்டு நடுங்கியதும் சுவிட்சை அணைத்ததும் அதில் இல்லை. நெஞ்சுவலியை விட்டுவிட்டுத் தலைவலியை மட்டும் டாக்டரிடம் சொன்ன கதை. எழுதியிருந்ததற்கு மெக்கானிக் வைத்தியம் பார்த்தார்: அழுத்தம் அளக்கும் குழாய்களைச் சுத்தம் செய்தார், ஒரு மின் இணைப்பைத் துடைத்தார். தரையில் சோதித்தால் எல்லாம் சரி. மறுநாள் காலை, கிளம்பிய சுமார் 12 நிமிடத்தில், 189 பேரோடு அதே விமானம் ஜாவா கடலில் விழுந்தது.

கேப்டனை மட்டும் குற்றவாளியாக்க மாட்டேன். மூக்கை இறக்கும் எம்காஸ் என்ற மென்பொருள் இருப்பதையே போயிங் விமானிகளுக்குச் சொல்லவில்லை. அதுவும் ஒற்றைச் சென்சாரை நம்பி இயங்கியது.

'சென்சார் மூன்று இருந்தால் போதுமே' என்பார்கள். 2008 நவம்பரில் பிரான்சின் பெர்ப்பிஞ்ஞான் அருகே விழுந்த ஏர்பஸ் ஏ320-இல் அதே வகைக் கோணச் சென்சார்கள் மூன்று இருந்தன. விமானத்தைக் கழுவியபோது இரண்டில் தண்ணீர் புகுந்து, உயரத்தில் உறைந்துபோனது. இரண்டும் ஒரே தப்பைச் சொன்னதால், உண்மையைச் சொன்ன மூன்றாவது எடுபடவில்லை. பெரும்பான்மைத் தீர்ப்பு! 7 பேர் இறந்தார்கள்.

ஆக, கோளாறைப் பிடிப்பது கடைசியில் பேனா பிடித்த கைதான். எழுதினால் விமானம் நிற்கும், நின்றால் நிறுவனத்துக்கு நஷ்டம் என்பது அந்தக் கைக்கும் தெரியும். நாம் மட்டும் என்ன? 'தொழில்நுட்பக் காரணத்தால் தாமதம்' என்றதும் கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் சண்டைக்குப் போகிறோம். யாரோ ஒருவர் ஒளிக்காமல் எழுதியதால் வந்த தாமதமாகவும் அது இருக்கலாம்.